வீடியோ அனுப்பினேன், பாதிப் பேர்கூடப் பார்க்கவில்லை: எழுத்துப் பயிற்சி வகுப்பை எப்படி நடத்துவது?

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். முதலாண்டு பி.காம்., 62 பேர், பெரும்பாலும் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவர்கள். ஒரு பயிலரங்கில் ஃபிளிப்டு கிளாஸ்ரூம் முறையைப் பற்றிச் சொன்னார்கள். பாடத்தை மாணவர்கள் வீட்டிலேயே வீடியோவில் பார்த்துவிட்டு வருவார்கள், வகுப்பில் பயிற்சி மட்டும் செய்யலாம் என்றார்கள். நானும் பத்தி எழுதுவது எப்படி என்று 25 நிமிட வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மறுநாள் கேட்டால் 11 பேர்தான் பார்த்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் அதையே திரும்பவும் போர்டில் நடத்தினேன், மணி அடித்துவிட்டது, யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. சில மாணவிகளிடம் சொந்த போன் இல்லை. 62 நோட்டையும் திருத்தி முடிக்க முடியவில்லை. 'பாடம் நடத்தாமல் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு நடந்துகொண்டிருந்தால் எப்படி' என்று துறைத் தலைவர் வேறு கேட்கிறார். இதெல்லாம் வசதியான கல்லூரிகளுக்கு மட்டும்தான் சரிப்படுமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கல்லூரிக்கும் சரிப்படும். சொல்லப்போனால், வீட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத உங்கள் மாணவர்களுக்குத்தான் இந்த முறை அதிகம் தேவை. ஆனால் வீடியோவைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். பயிலரங்குகளில் எல்லாரும் வீடியோவிலிருந்தே ஆரம்பிப்பதால் எந்த ஆப், எந்த மைக், எப்படி எடிட் செய்வது என்று பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என் மாணவன் எழுதும்போது நான் எங்கே இருக்கிறேன்?

வழக்கமான எழுத்து வகுப்பு எப்படிப் போகிறது என்று பாருங்கள். நாற்பது நிமிடம் போர்டில் டாபிக் சென்டென்ஸ் (பத்தியின் மையக் கருத்தைச் சொல்லும் வாக்கியம்) என்றால் என்ன, அதற்குத் துணையாக வரும் வாக்கியங்கள் என்ன, முடிவு வாக்கியம் என்ன என்று விளக்குகிறோம். மணி அடிக்கும்போது 'இதே மாதிரி ஒண்ணு வீட்ல எழுதிட்டு வாங்க' என்கிறோம். விளக்கத்தைக் கேட்பது சுலபமான வேலை, அப்போது நாம் கூடவே இருக்கிறோம். எழுதுவது கஷ்டமான வேலை, அதை அந்தப் பையன் மெடிக்கல் ஷாப்பில் பகுதிநேர வேலை முடித்துவிட்டு வந்து ராத்திரி ஒன்பதரை மணிக்கு, கேட்க ஒருத்தரும் இல்லாமல், தனியாகச் செய்கிறான். முதல் வாக்கியமே வராது. அப்புறம் அவன் என்ன செய்வான்? கைடைப் பார்த்து எழுதுவான், இல்லையென்றால் பக்கத்துத் தெருப் பெண்ணின் நோட்டை வாங்குவான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த இரண்டு வேலைகளையும் இடம் மாற்றுவதுதான் ஃபிளிப்டு கிளாஸ்ரூம். எழுதும் வேலை வகுப்புக்குள், உங்கள் கண்ணெதிரே நடக்க வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்குவதற்காகத்தான் விளக்கத்தை வெளியே அனுப்புகிறோம்.

இந்த முறைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், உட்லண்ட் பார்க் என்ற சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்திய ஜோனதன் பெர்க்மன், ஆரோன் சாம்ஸ் என்ற இரண்டு ஆசிரியர்கள். விளையாட்டுப் போட்டிகளுக்காக வகுப்பைத் தவறவிடும் பிள்ளைகளுக்காக 2007 வாக்கில் பாடத்தைப் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள், வீட்டில் இணையம் இல்லாதவர்களுக்கு டிவிடியில் போட்டுக் கொடுத்தார்கள். அதற்கும் முன்னால், ஓஹையோவில் உள்ள மயாமி பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் நடத்திய மூன்று பேர் பாடங்களை வீடியோ கேசட்டில் கொடுத்துவிட்டு வகுப்பில் பயிற்சி நடத்தியதை 2000-இல் கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மாசூர் 1990-களின் தொடக்கத்திலேயே புத்தகத்தைப் படித்துவிட்டு வரச் சொல்லி, வகுப்பு நேரத்தைக் கேள்விக்கும் விவாதத்துக்கும் வைத்துக்கொண்டார், அதில் வீடியோவே கிடையாது. கேசட், டிவிடி, அச்சுப் பக்கம் எதை வைத்தும் இது நடந்திருக்கிறது. உங்கள் ஊர் ஜெராக்ஸ் கடையை வைத்தும் நடக்கும்.

இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் வீட்டில் எழுதிவரச் சொன்ன கட்டுரைக்கு என்ன மதிப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போன பருவம் வரை 'ஐ ஆம் கோ டு காலேஜ்' என்று எழுதியவன் திடீரென்று பத்திரிகைத் தலையங்கம் மாதிரி எழுதிக்கொண்டு வருகிறான். அவனைக் கூப்பிட்டு விசாரிப்பதில் நேரமும் போகிறது, உறவும் கெடுகிறது. எழுத்து வகுப்பிலேயே நடந்தால் விசாரணையே தேவையில்லை. அவன் எழுதியது எது என்று உங்களுக்குத் தெரியும், நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள்.

சரி, 51 பேர் ஏன் பார்க்கவில்லை? முதல் காரணம் நீளம். 25 நிமிடம் ஒரு முழு வகுப்பில் பாதி, அதைப் போனின் சின்னத் திரையில் யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். ஐந்தாறு நிமிடத்துக்குள் முடியுங்கள், ஒரு வீடியோவில் ஒரே ஒரு விஷயம் இருந்தால் போதும். இரண்டாவது காரணம்தான் பெரியது: பார்க்காவிட்டாலும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் நீங்களே போர்டில் திரும்ப நடத்தினீர்கள். பார்த்துவிட்டு வந்த 11 பேருக்கு அன்று நேரம் வீண், பார்க்காத 51 பேருக்கு எல்லாம் வழக்கம்போல் கிடைத்தது. அடுத்த வாரம் அந்த 11 ஐந்தாகக் குறைந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அதனால் கண்டிப்பாகச் சொல்கிறேன், எத்தனை பேர் பார்க்காமல் வந்தாலும் வகுப்பில் அதைத் திரும்ப நடத்தாதீர்கள். மனசு கேட்காது, தெரியும். இருந்தாலும் நடத்தாதீர்கள்.

அதற்குப் பதிலாக, உள்ளே வந்ததும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு, ஒரே கேள்வி, ஐந்து நிமிடம். கேள்வி மனப்பாடத்தைச் சோதிப்பதாக இருக்கக் கூடாது. 'டாபிக் சென்டென்ஸ் என்றால் என்ன' என்று கேட்டால் பக்கத்து சீட்டைப் பார்த்து எழுதிவிடுவார்கள். 'வீடியோவில் நான் இரண்டாவது வாக்கியத்தை ஏன் அடித்தேன்?' என்று கேளுங்கள், 'உங்கள் தெருவைப் பற்றி எழுதினால் முதல் வாக்கியமாக எதை வைப்பீர்கள்?' என்று கேளுங்கள். பார்க்காதவர்களைத் திட்ட வேண்டாம், நிற்க வைக்கவும் வேண்டாம். ஒரு பக்கமாக உட்கார வைத்து அதே விஷயத்தை எழுதிய ஜெராக்ஸ் தாளைக் கையில் கொடுங்கள், பத்து நிமிடத்தில் படித்துவிட்டு மற்றவர்களோடு சேர்ந்துகொள்ளட்டும். மற்றவர்கள் அதற்குள் என்ன எழுதுவது என்று பேசி முடித்திருப்பார்கள், இவர்கள் பின்தங்கியிருப்பார்கள், அந்த உறுத்தலே போதும். மூன்று நான்கு வாரத்தில் வழிக்கு வருவார்கள். சீட்டுக்கு அகமதிப்பீட்டில் ஒன்றிரண்டு மதிப்பெண் ஒதுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன காட்டுவது? நீங்கள் எடுத்த வீடியோவில் ஸ்லைடு போட்டு இலக்கணம் மாதிரி விதிகளைச் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் எடுக்கிறார்கள். விதி புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது, ஒரு ஆள் எழுதும்போது மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்பது. லிண்டா ஃபிளவர், ஜான் ஹேய்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதுகிறவர்களையே எழுதும்போது யோசிப்பதை வாய்விட்டுச் சொல்ல வைத்துப் பதிவு செய்தார்கள், அதை வைத்து 1981-இல் எழுதிய கட்டுரை இன்றைக்கும் எழுத்துக் கற்பித்தலில் அடிப்படையாகப் பேசப்படுகிறது. எழுதுகிறவர்கள் திட்டம், எழுத்து, திருத்தம் என்று நேர்க்கோட்டில் போவதில்லை, எழுதிக்கொண்டே திட்டத்தை மாற்றுகிறார்கள், திரும்பிப் போய்ப் படிக்கிறார்கள், அடிக்கிறார்கள் என்று காட்டினார்கள். உங்கள் மாணவர்களுக்கு இது தெரியாது. ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஒரே மூச்சில் தப்பில்லாமல் எழுதிவிடுவார்கள், நமக்குத்தான் வரவில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே ஸ்லைடு வேண்டாம். இரண்டு அடுக்குப் புத்தகத்துக்கு நடுவே கேமரா கீழே பார்க்கிற மாதிரி போனை வைத்து, கீழே நோட்டு மட்டும் தெரிகிற மாதிரி செய்துகொண்டு, எழுதுங்கள். எழுதும்போது தமிழில் பேசுங்கள். 'முதல் வாக்கியம் "மை ஸ்ட்ரீட் இஸ் பிஸி"ன்னு வச்சிருக்கேன். பிஸின்னா என்ன, லாரி போகுதா, சந்தை இருக்கா? படிக்கிறவங்களுக்குத் தெரியாது. அடிச்சிடறேன். கரும்பு லாரி போறதையே நேரா எழுதிப் பார்க்கறேன்.' இப்படி நாலு வாக்கியம் எழுதினால் ஐந்து நிமிடம் ஓடிவிடும். உங்கள் முகம் தெரிய வேண்டியதில்லை, எடிட்டிங் வேண்டாம், தடுமாறினால் தடுமாறியபடியே விடுங்கள், அந்தத் தடுமாற்றம்தான் பாடம்.

போன் விஷயம். சொந்த போன் இல்லாத மாணவிகள் அப்பாவுடைய போன் ராத்திரி வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்க்க முடியும், அதுவும் யாராவது விட்டுக்கொடுத்தால். இதை அவர்கள் உங்களிடம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எனவே வீடியோவை வகுப்புக்கு ஒரு நாள் முன்னதாக என்று இல்லாமல் நான்கைந்து நாள் முன்னதாக அனுப்புங்கள், இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிற மாதிரி. அதே விஷயத்தை ஒரு பக்கத் தாளாக எழுதி, அடித்தல் திருத்தலோடு உங்கள் கையெழுத்திலேயே, வகுப்புத் தலைவரிடம் கொடுத்து ஜெராக்ஸ் எடுக்கச் சொல்லுங்கள். தாள் எல்லாருக்கும் போகட்டும், போன் இல்லாதவர்களுக்கு மட்டும் என்று பிரித்துக் கொடுத்தால் அது அவர்களுக்கு அவமானமாகிவிடும். பேச்சை மட்டும் ஆடியோவாகவும் போடலாம், டேட்டா குறைவாகத்தான் செலவாகும், டவுன் பஸ்ஸில் இயர்போனை மாட்டிக்கொண்டு தாளைக் கையில் வைத்துக் கேட்டுவிடுவார்கள். உண்மையைச் சொன்னால், தாளும் ஆடியோவும் இருந்தால் வீடியோ இல்லாமலேயே ஒரு பருவம் முழுக்க ஓட்டிவிடலாம்.

இப்போது வகுப்புக்கு வருவோம். ஐம்பது நிமிடத்தில் ஐந்து நிமிடம் சீட்டு. அடுத்த பத்து நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசி என்ன எழுதப்போகிறோம் என்று முடிவு செய்வது. இது தமிழில் நடக்கட்டும், 'ஆங்கிலத்தில் பேசு' என்று சொன்னால் அந்தப் பத்து நிமிடமும் மௌனம்தான். ஒரே ஒரு கட்டுப்பாடு வையுங்கள்: குறிப்புகளைச் சொற்களாக மட்டும் எழுத வேண்டும், முழுத் தமிழ் வாக்கியமாக எழுதக் கூடாது. முழு வாக்கியமாக எழுதினால் அதை அப்படியே சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்குவார்கள், வினை கடைசிக்குப் போய் 'ஐ யெஸ்டர்டே மார்க்கெட் வென்ட்' என்று வந்து நிற்கும். 'நேற்று, சந்தை, வெங்காயம், விலை, அம்மா பேரம்' என்று ஐந்தாறு சொல் இருந்தால் வாக்கியத்தை ஆங்கிலத்திலேயே யோசிக்க வேண்டியிருக்கும்.

பிறகு இருபது நிமிடம் எழுத்து, பேச்சு கிடையாது. நீங்கள் நடக்கிறீர்கள். இந்த நடைதான் மொத்த முறையின் உயிர், துறைத் தலைவர் கண்ணுக்குச் சும்மா நடப்பது மாதிரி தெரியும் அந்த நடை. ஆளுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் ஒரு வகுப்பில் 20 பேர், மூன்று வகுப்பில் 62 பேரையும் கிட்டத்தட்ட ஒரு சுற்று பார்த்துவிடலாம், வரிசை முறை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கூப்பிடுகிறவர்களிடமே போய்க்கொண்டிருப்போம், கடைசி பெஞ்ச் மாதக்கணக்கில் தப்பித்துவிடும். குனிந்து படியுங்கள், ஒரு கேள்வி கேளுங்கள், அடுத்த ஆளிடம் போங்கள். ஸ்பெல்லிங்கைத் திருத்தப் பேனாவை எடுக்காதீர்கள்.

எப்படிப்பட்ட கேள்வி என்பதற்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் ஊரைப் பற்றி எழுதச் சொன்னால் பாதி நோட்டில் 'மை வில்லேஜ் இஸ் வெரி பியூட்டிஃபுல். தேர் ஆர் மெனி ட்ரீஸ். பீப்பிள் ஆர் வெரி கைண்ட்' என்றுதான் இருக்கும். இதில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை, சிவப்பு மை வைத்தால் 'குட்' என்று போட்டுவிட்டு நகர வேண்டியதுதான். அந்தப் பையனிடம், 'உங்க ஊருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?' என்று கேளுங்கள். 'அஞ்சே முக்கால் மேம், பால் கேன் ஏத்தறதுக்காகவே பத்து நிமிஷம் நிக்கும்' என்பான். 'அதை எழுது.' 'இதையெல்லாம் எழுதலாமா மேம்?' என்று கேட்பான், கட்டாயம் கேட்பான், ஏனென்றால் ஆங்கிலக் கட்டுரையில் பால் கேன் வரலாம் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் நோட்டில் 'த ஃபர்ஸ்ட் பஸ் கம் அட் 5.45. இட் வெயிட் ஃபார் மில்க் கேன்' என்று இருக்கும். இரண்டு வாக்கியத்திலும் வினையில் எஸ் விட்டுப்போயிருக்கிறது. இருக்கட்டும். அவன் இப்போது முதல்முறையாக ஆங்கிலத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியிருக்கிறான், எஸ் அப்புறம் வரும். இந்த ஒரு நிமிடப் பேச்சை வீடியோவில் வைக்க முடியாது, நோட்டின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதவும் முடியாது. அடுப்படியில் கூட நின்று 'உப்பு போதும்' என்று சொல்வதற்கும், பரிமாறிய பிறகு 'உப்பு கரிக்கிறது' என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடம் நோட்டை மாற்றிப் படிக்கட்டும். பிழை கண்டுபிடிக்கச் சொல்லாதீர்கள், அவர்களுக்கு அது வராது, வந்தாலும் சண்டையில் முடியும். 'எனக்குப் பிடித்த வாக்கியம் எது, எந்த இடத்தில் இன்னும் தெரிந்துகொள்ளத் தோன்றியது' என்று இரண்டு வரி எழுதினால் போதும், தமிழில் எழுதினாலும் சரி.

திருத்துவதைப் பற்றி. 62 நோட்டில் ஒவ்வொரு பிழையையும் திருத்துவதை இன்றோடு விட்டுவிடலாம் என்று தைரியமாகச் சொல்வேன். 1996-இல் ஜான் ட்ரஸ்காட் என்பவர் இரண்டாம் மொழி எழுத்து வகுப்பில் இலக்கணப் பிழை திருத்துவதையே கைவிட வேண்டும் என்று எழுதி, டேனா ஃபெரிஸ் அதை மறுத்து 1999-இல் எழுதி, அந்த வாதம் வருடக்கணக்கில் ஓடியது. நான் ட்ரஸ்காட் அளவுக்குப் போக மாட்டேன். நியூசிலாந்தில் ஆக்லாந்தில் ஜான் பிட்சனர் செய்த ஆய்வுகள் எனக்கு நடைமுறைக்கு ஒத்துவருவதாகப் படுகிறது: ஆங்கிலத்தின் 'எ', 'த' என்ற ஆர்ட்டிகிள் இரண்டிலும் ஒவ்வொரு பயன்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அதில் வரும் பிழைகளை மட்டும் சுட்டிக்காட்டியபோது மாணவர்கள் அந்த விஷயத்தில் முன்னேறினார்கள். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு பிழையை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் வகுப்புக்கு அந்த வினையில் விட்டுப்போகும் எஸ்-ஸே சரியான தொடக்கம். அதை மட்டும் கோடிடுங்கள், மற்றதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விடுங்கள். முதல் வரைவை வீட்டுக்கு எடுத்துப் போகவே வேண்டாம், வகுப்பிலேயே பார்த்துவிட்டீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, திருத்தி எழுதிய இறுதிப் பிரதியை மட்டும் எடுத்துப் போங்கள்.

துறைத் தலைவரிடம் வாதாட வேண்டாம். ஐந்தாறு மாணவர்களின் முதல் வரைவையும் இரண்டாம் வரைவையும் சேர்த்துப் பின் அடித்துக் கோப்பில் வைத்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்துக் காட்டுங்கள். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்காகத் தயாரிக்கும் அறிக்கைகளில் மாணவர் மையமான கற்பித்தல் முறைகளுக்கு என்ன ஆதாரம் என்ற கேள்வி வந்து, கடைசி நேரத்தில் எல்லாத் துறையிலும் போட்டோ தேடிக்கொண்டிருப்பார்கள். உங்களிடம் போட்டோவைவிட நல்ல ஆதாரம் இருக்கும், அந்தத் துண்டுச் சீட்டுகளையும் தூக்கிப்போடாதீர்கள்.

தேர்வு பற்றி நீங்கள் கேட்கவில்லை, மாணவர்கள் கேட்பார்கள். கைடில் உள்ள பத்துக் கடிதத்தை மனப்பாடம் செய்தால் பாஸ் ஆகிவிடலாம் என்பது உண்மைதான், அதை மறுக்க வேண்டாம். அதனால்தான் எல்லா வகுப்பையும் இப்படி மாற்றச் சொல்லவில்லை. உரைநடையும் செய்யுளும் வழக்கம்போல் நடக்கட்டும், வாரத்தில் ஒரு மணி நேரம் எழுத்துக்கு. சொந்தமாக ஏழெட்டுக் கடிதம் எழுதிப் பழகியவன், வினாத்தாளில் வங்கி மேலாளருக்குப் பதில் அஞ்சல் அலுவலருக்கு எழுதச் சொன்னாலும் கை நடுங்காமல் எழுதுவான், மனப்பாடம் செய்தவன் அங்கேயே நின்றுவிடுவான்.

கடிதம் எழுதும் அலகு உங்களுக்கு இந்தப் பருவத்திலேயே இன்னும் மீதி இருக்கும் என்று நினைக்கிறேன். அதிலிருந்தே ஆரம்பியுங்கள். போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு ஒரு புகார்க் கடிதம்: காலேஜ் நேரத்துக்கு வர வேண்டிய பஸ் வரவில்லை, அல்லது ஸ்டாப்பில் நிற்காமல் போகிறது. 62 பேரில் பாதிப் பேருக்கு மேல் இதில் சொந்தக் கோபம் இருக்கும், அது எழுத்துக்கு நல்லது. நீங்கள் அதே கடிதத்தின் முதல் பத்தியை மட்டும் தாளில் எழுதி, அடித்துத் திருத்தி, இந்த வெள்ளிக்கிழமை ஜெராக்ஸுக்குக் கொடுத்துவிடுங்கள். தடம் எண்ணையும் நேரத்தையும் எழுதாமல் வருகிறவர்களிடம் அதை மட்டும் கேளுங்கள்.